பிரிக்காத டப்பா

சனிக்கிழமை வந்தால் அமிர்தவல்லிக்குக் காலையிலேயே கை கால் பரபரக்கும். வைத்திக்குப்பத்தில் படகு கரையேறும் நேரம் பார்த்துப் போய் நெத்திலி வாங்கி வந்துவிடுவாள். மற்ற நாட்களில் மீன்காரி வாசலில் நின்று கூப்பிட்டாலும் எட்டிப் பார்க்கமாட்டாள். ஒற்றை ஆளுக்கு எதற்கு மீனும் குழம்பும்? ஒரு பிடி அரிசி, கொஞ்சம் மோர், தொட்டுக்கொள்ள ஊறுகாய், அதோடு சமையல் முடிந்தது. சாப்பிடும்போது டிவியை ஓடவிடுவாள். சீரியலில் யார் யாருக்குக் குழி பறிக்கிறார்கள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வீட்டுக்குள் ஏதாவது ஒரு பேச்சுக்குரல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமைதான் அலெக்சாண்டர் வருவார். அரியாங்குப்பத்தில் மகன் வீட்டோடு இருப்பவர். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, டிவிஎஸ் வண்டியை உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு வந்து, வாசலில் நிறுத்தி, "போன்ழூர் மதாம்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்வார். அவரும் அவளுடைய கணவர் கலியபெருமாளும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஒரே கூடாரத்தில் படுத்து எழுந்தவர்கள். அப்படிப் பிரெஞ்சுக்காரனிடம் பென்ஷன் வாங்குகிறவர்களைப் பாண்டியில் சொல்தா என்பார்கள். கலியபெருமாள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. தெருக்காரர்களுக்கு இன்றும் அது சொல்தா வீடுதான்.

உள்ளே வந்ததும் அலெக்சாண்டர் ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பைப்பை எடுத்து வெறுமனே வாயில் வைத்துக்கொள்வார். உள்ளே புகையிலைத் தூள் இருக்காது. பிறகு ஷோகேஸைப் பார்ப்பார். அங்கே, மகள் சரிதா பிரான்ஸிலிருந்து அனுப்பிய பொம்மைகளுக்கும் கலியபெருமாளின் மெடல்களுக்கும் நடுவில் பைப்புத் தூள் அடைத்த ஒரு தகர டப்பா இருக்கிறது. நீலக் கலர், மூடியில் கலங்கரை விளக்கம் படம். பேர் ல ஃபார். வீட்டில் அதற்கு விளக்கு டப்பா என்று பெயர்.

கலியபெருமாள் பட்டாளத்தில் சேர்ந்த நாளிலிருந்து அந்தத் தூளைத் தவிர வேறொன்றை பைப்பில் போட்டதில்லை. பாரிஸ் போய்வருகிற பாண்டிக்காரர்கள் எல்லாரும் அவருக்கு இரண்டு டப்பா கொண்டுவர வேண்டும். மறந்து வந்தவர்களோடு ஒரு மாசம் பேச்சு இருக்காது. ஒரு நாள் சரிதா போனில், "அப்பா, அந்தத் தூளு இனிமே வராதாம். கம்பெனிக்காரன் நிறுத்திட்டானாம்" என்றாள். சாவுச் செய்தி கேட்டவர்போல உட்கார்ந்துவிட்டார்.

அப்போது சிநேகிதர்கள் இருவரிடமும் ஆளுக்குக் கொஞ்சம் டப்பாக்கள் மிச்சம் இருந்தன. அலெக்சாண்டர் யோசிக்கவேயில்லை. "இருக்கறப்ப குடிச்சிடணும், இல்லாதப்ப இல்லன்னு இருக்கணும். சேத்து வச்சிப் பூசணம் பூக்க வுட்டு இன்னா பண்றது" என்று சொல்லி எல்லாவற்றையும் ஊதித் தள்ளினார். கலியபெருமாள் வேறு ரகம். நாளைக்கு ஒரு பைப் என்று குறைத்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றார். கடைசி டப்பாவைத் தொடவேயில்லை. "இது கெடக்கட்டும். சரிதா வரும்போது பிரிச்சிக்கலாம்" என்றார். சரிதா வந்தாள், அப்பாவின் கருமாதிக்கு. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவதென்றால் இப்படித்தான்.

சாவதற்கு முந்தின ஒரு வருஷம் அவருக்குக் கை நடுக்கம். டப்பா திறக்க வராது, தூள் மடியில் கொட்டும், தீக்குச்சி விரலைச் சுடும். எல்லாம் அமிர்தவல்லிதான் செய்து கொடுப்பாள். "அடியில சும்மா போடு, நடுவுல லேசா தட்டு, மேல அழுத்து" என்று படுத்த இடத்திலிருந்தே அதிகாரம் செய்வார். இழுக்காமல் பைப் பற்றாது. அவர் பற்றவைத்துக்கொள்ள முடியாத நிலையில், ஜன்னலைச் சாத்திவிட்டு முதல் இழுப்பை அவளே இழுத்துத் தருவாள். முதல் நாள் இருமிய இருமலில் அவளுக்குக் கண் பிதுங்கிவிட்டது. அவர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. இது தெருவில் யாருக்கும் தெரியாது, அலெக்சாண்டருக்கும் தெரியாது. சொல்தா பெண்டாட்டி பைப் பிடிக்கிறாள் என்று தெரிந்தால் எதிர்வீட்டு சுலோசனாவுக்கு அன்றைக்குச் சோறே வேண்டியிருக்காது.

"தங்கச்சி, ஒரே ஒரு பைப்புக்குக் குடேன்" என்று அலெக்சாண்டர் வாரா வாரம் கேட்பார். "வருஷம் திரும்பட்டும் அண்ணே" என்றாள் முதலில். வருஷம் திரும்பியது. ஆடி போகட்டும் என்றாள். பிறகு தீபாவளி, பிறகு பொங்கல். அவரும் விடுவதில்லை, கோபித்துக்கொள்வதுமில்லை. "சரி, அடுத்த வாரம் பாப்போம்" என்று நெத்திலி வறுவலைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வார்.

வைக்கோல்போர் நாய்போலத் தானும் தின்னாமல் தின்கிறவரையும் விடாமல் இருக்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அலமாரியில் இருந்த கணவரின் சட்டைகளில் இப்போது அந்துருண்டை நாற்றம்தான். தலையணையிலும் ஒன்றும் இல்லை. அந்த மனிதருடைய வாசனை என்று உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த டப்பாவுக்குள்தான், மூடியைத் திறந்தால் போய்விடும் என்று அவள் நம்பினாள். இன்னொரு பயத்தை யாரிடமும் சொல்ல முடியாது. டப்பா தீர்ந்துபோனால் அலெக்சாண்டர் எதற்காக ஆற்றைத் தாண்டி வரப்போகிறார்? பூனை வருவது பாலுக்குத்தானே. அவர் வராவிட்டால் சனிக்கிழமைக்கும் மோரும் ஊறுகாயும்தான்.

பங்குனியில் இரண்டாவது தெவசம் வந்தது. லீவு கிடைக்கவில்லை என்று சரிதா முதல் நாளே போனில் அழுதாள். "பரவால்லடி, நான் பாத்துக்கறேன்" என்றாள் அமிர்தவல்லி. போனை வைத்தபிறகு தேங்காய் துருவ உட்கார்ந்து, துருவாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மறுநாள், சனிக்கிழமை இல்லாவிட்டாலும், அலெக்சாண்டர் வந்துவிட்டார். தவக்காலம் என்பதால் தனக்குக் கறி வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்.

மாலை போட்ட படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்து, கறிக்குழம்பு, வடை, பாயசம், அவருக்குப் பிடித்த நீள ரொட்டி, கிளாஸில் கொஞ்சம் பிராந்தி என்று வரிசையாக வைத்தாள். இலை ஓரத்தில் அவருடைய பைப். பக்கத்தில் விளக்கு டப்பா. கற்பூரம் காட்டியபிறகு இருவரும் வெளியே வந்தார்கள். அவள் கதவைச் சாத்தினாள். படைத்தபிறகு வீட்டுக்குள் ஆள் இருக்கக் கூடாது. செத்தவர்கள் வந்து கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும். திரும்ப உள்ளே போகும்போதும் கதவைத் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். உச்சி வெயில். எதிர்வீட்டுக் கேட்டில் சுலோசனா கீரை ஆய்கிற சாக்கில் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கவா?" என்றார் அலெக்சாண்டர்.

"பைப்புக்குத்தான? அவரு சாப்ட்டு முடிக்கட்டும் அண்ணே."

"அதில்ல. போன வருஷமும் பாத்தேன். சோறு வச்சி, கொழம்ப ஊத்தி வச்ச. பிராந்திய பாட்டிலோட வைக்கல, கிளாஸ்ல ஊத்தி வச்ச. அந்த டப்பாவ மட்டும் மூடின மேனிக்கே வைக்கறியே. வந்தவன் அத இன்னா பண்ணுவான்?"

அவள் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவனுக்குத்தான் கையி நடுங்குமே" என்றார்.

எதையோ நினைத்துக்கொண்டு சொன்ன பேச்சு அது. அமிர்தவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு தெவசத்துக்கும், திறக்க முடியாதவருக்கு முன்னால் மூடிய டப்பாவை வைத்துவிட்டுக் கதவையும் சாத்திக்கொண்டு வந்திருக்கிறாள். அவர் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார். திறந்து குடுடி என்று கூப்பிட்டுப் பார்த்திருப்பார். கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டியவள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது, தலைப்பை வாயில் வைத்து அடக்கினாள்.

"தொறந்துடறேன் அண்ணே" என்றாள். "ஆனா பைப்பு இழுத்தாதான் எரியும். சும்மா வச்சா அணைஞ்சிடும். அவரு பேரச் சொல்லி நீங்க இழுங்க. எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கிங்க."

இவ்வளவு நாள் கேட்டது கிடைத்துவிட்டது. அலெக்சாண்டர் முகத்தில் அதற்கான சந்தோஷம் இல்லை. வாயிலிருந்த வெறும் பைப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்னால முடியாது தங்கச்சி."

"தவக்காலமா?"

"தவக்காலம்னா ஈஸ்டர் வரைக்குந்தான. இது தொண்டையில புண்ணு. ஒரு இழுப்புகூடக் கூடாதுன்னு கோரிமேட்டு ஆஸ்பத்திரி டாக்டரு சொல்லிட்டாரு. சிகரெட்டக்கூட போன ஆடியிலயே வுட்டுட்டேன்."

ஆடிக்குப் பிறகுதான் தீபாவளிக்குக் கேட்டார். பொங்கலுக்குக் கேட்டார். போன சனிக்கிழமைகூடக் கேட்டார்.

"அப்புறம் இன்னாத்துக்கு வாரா வாரம் கேட்டீங்க?"

அவர் எதிர்வீட்டுக் கேட்டைப் பார்த்தார், பிறகு தன் வண்டியைப் பார்த்தார். "வேற இன்னா சொல்லிட்டு வர்றது? இந்தத் தெருவுக்கு ஒரு காரணம் வேணும். என் மருமவளுக்கு ஒரு காரணம் வேணும். நீ குடுக்க மாட்டன்னு தெரியும், அதான் தைரியமா கேட்டேன்." பைப்பைச் சட்டைப் பையில் போட்டபடி, "வீட்டுல எல்லாரும் நல்லவங்கதான். எங்கிட்டப் பேசத்தான் யாருக்கும் நேரமில்ல" என்றார்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அதற்காக அறுபதைத் தாண்டிய இரண்டு பேர் ஒரு தகர டப்பாவைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டா பேசிக்கொள்ள வேண்டும்? வேண்டியிருந்தது. அமிர்தவல்லிக்கு அவர்மேல் கோபம் வந்தது, உடனே அது போய் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன்னை நினைத்தால் அதைவிடப் பாவமாக இருந்தது. இனிமேல் சனிக்கிழமைகளுக்கு வேறொரு சாக்குத் தேடிக்கொள்ள வேண்டும். அது நாளைக்கு. இப்போது உள்ளே ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

எழுந்து கதவைத் தட்டினாள்.

"இன்னும் நேரம் ஆவலியே" என்றார் அலெக்சாண்டர். "ஆளு உள்ள போவக்கூடாதுன்னு சொல்லுவியே."

"அவருக்கு யாரு பத்தவச்சிக் குடுப்பா? நீங்க இங்கயே இருங்கண்ணே."

உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்து, வெற்றிலைத் தட்டிலிருந்த காசின் விளிம்பை மூடி இடுக்கில் கொடுத்துத் திருப்பினாள். புஸ்ஸென்று காற்று விட்டது. குனிந்து முகர்ந்தாள். இனிப்பாக, உலர்ந்த திராட்சைபோல ஒரு மணம் வந்தது. நல்ல மணம்தான். ஆனால் அதில் அவர் இல்லை. கடைச் சரக்கின் மணம் அது, யார் வாங்கித் திறந்தாலும் வரும். இதையா இரண்டு வருஷம் கண்கொத்திப் பாம்பாகக் காத்தோம் என்று அவளுக்குச் சீ என்றிருந்தது.

அடியில் சும்மா போட்டாள். நடுவில் லேசாகத் தட்டினாள். மேலே அழுத்தினாள். விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. தீக்குச்சியைக் கிழித்து, பைப்பை வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. மறுபடியும் இழுத்தாள். தூள் சிவந்து, புகை எழுந்து படத்துக்கு மேலே பரவியது. கருகிய வெல்லமும் நனைந்த கம்பளியும் கலந்த அந்த வாசனை கூடத்தில் நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் இதே வாசனைதான் இருக்கும். கட்டில் ஆடச் சிரித்த அன்றைக்கும் இதுதான் இருந்தது. எரிந்தால்தான் அது அவர். அமிர்தவல்லி சத்தம் போட்டே அழுதாள்.

பைப்பை இலைப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டாள். சிவப்பு மங்கும்போது எடுத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, மறுபடியும் அவர் பக்கம் நீட்டினாள். ஜன்னலைச் சாத்த மறந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. புகை அதன் வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. எழுந்து போனால் பைப் அணைந்துவிடும், போகட்டும் என்று உட்கார்ந்தே இருந்தாள்.

சுலோசனாவின் குரல் கேட்டது. "இன்னா சொல்தா, பழைய வாசன வருது? நீங்க இங்க இருக்கீங்க, உள்ள யாரு பைப்பு புடிக்கறது?"

"கலியபெருமாதான். வேற யாரு" என்றார் அலெக்சாண்டர்.

எதிர்வீட்டுக் கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. அடியில் போட்ட தூள்வரைக்கும் நெருப்பு இறங்கி, பைப் கையில் சுட்டது. கடைசி இழுப்புக்கு ஒன்றும் வரவில்லை, வெறும் சாம்பல்தான் வாயில் கசந்தது. வாசனை மட்டும் கூடத்தில் அப்படியே நின்றது.

கதவு தட்டப்பட்டது. "தங்கச்சி, ஆச்சா?"

அவள் டப்பாவை அருகில் இழுத்து இன்னொரு சிட்டிகை எடுத்தாள்.

"இருங்கண்ணே" என்றாள். "அவரு இன்னும் முடிக்கல."