கடைசி ஸ்டாப்புக்கு அந்தப் பக்கம்

பொன்னப்பன் சைக்கிளில் ஏறினாலும் பஸ்தான் ஓட்டுவார். கம்பத்திலிருந்து கிளம்பிய முதல் நாளே அது தெரிந்துவிட்டது. எங்கே பஸ் ஸ்டாப்பைக் கண்டாலும் அவர் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை, மனிதர் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். பின்னால் வந்த மகள் ஆதிரா இரண்டு தடவை அவர் முதுகில் மோதப் பார்த்தாள். மூன்றாவது ஸ்டாப்பில் மனைவி விலாசினி தன் சைக்கிள் மணியை இரண்டு முறை அடித்தாள். கண்டக்டர் டபுள் பெல் கொடுத்தால் வண்டியை எடுக்காமல் இருக்க முடியுமா? பொன்னப்பன் மறுபேச்சில்லாமல் மிதித்தார்.

இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அது. நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை, காரோடு வழியாகப் பொழியூர் வரை அரசு பஸ் ஓட்டுகிறவர். ரோடு, கண்ணாடி, கடிகாரம் தவிர நான்காவதாக ஒன்றை அவர் டூட்டியில் பார்த்ததில்லை. பொழியூர் ஸ்டாண்டில் நின்றால் கடல் இரைகிற சத்தம் கேட்கும். ஆனால் ஆறு நிமிஷத்தில் வண்டியைத் திருப்பியாக வேண்டும், ஒரு சாயா குடிக்கவே அது போதாது. கடல் எங்கே ஓடிப்போகப் போகிறது என்று இருந்துவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லி அவரைக் கிண்டல் செய்த ஆதிராதான் இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டாள். காய்கறி இறக்கிவிட்டுத் திரும்புகிற லாரியில் மூன்று சைக்கிளையும் ஏற்றிக் கம்பம் போவது, அங்கிருந்து ஆறு நாள் மிதித்துப் பொழியூர்க் கடலுக்கு வந்து சேர்வது.

லீவு பாக்கி கிடக்கிறது என்று வீட்டில் சொல்லியிருந்தார். பாதிதான் உண்மை. மீதிப் பாதி அவர் சட்டைப் பையில் பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு காகிதமாக இருந்தது. டிப்போவின் கண் பரிசோதனையில் நேர்ப்பார்வை தேறிவிட்டது, இடது ஓரம் தேறவில்லை. சொட்டுமருந்து விட்டுவந்தால் இருக்கிற பார்வை தங்கும், போனது திரும்பாது என்றார் டாக்டர். திங்கட்கிழமை டிப்போவில் இரண்டில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஒன்று, வேறு டாக்டரின் சர்டிபிகேட். இல்லையென்றால், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஸ்டோர் வேலைக்குப் போகிறேன் என்று கடிதம். ‘சர்டிபிகேட்தானே, டெஸ்ட் ஒண்ணும் வேண்டாம், நான் ஒப்பிச்சுத் தாறேன்’ என்று மூக்குக்கண்ணாடிக்கடை ராஜதாஸ் சொல்லியிருந்தான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடிக்காதவனுக்கு என்ன கண் கோளாறு என்பது பொன்னப்பனின் கட்சி. கடிதத்தை எழுத அவர் உட்காரவே இல்லை.

திராட்சைத் தோட்டத்தில் அதை மறந்தார். தலைக்கு மேலே கல்தூண்களில் பந்தல், பந்தல் முழுக்கக் கறுத்த குலைகள். இலைகளுக்கு நடுவே விழுந்த வெயில் ஆதிராவின் முகத்திலும் தரையிலும் பச்சையாக ஆடியது. பொன்னப்பன் தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து நின்றார், கழுத்து வலிக்கிற வரைக்கும்.

“வண்டி ஓட்டுதவன் மேல பாக்கதே இல்ல, கேட்டியா,” என்றார் மனைவியிடம். “இவ்வளவும் மேல தான் இருந்திருக்கு.”

நான்காம் நாள் ஆரியங்காவு தாண்டிக் காட்டுக்குள் இறங்கினார்கள். வழக்கம்போல அவர்தான் முன்னால். இறக்கம், மிதிக்கவே வேண்டாம். மரங்கள் இரண்டு பக்கமும் வானத்தை மூடியிருந்தன, காற்று ஈரமாக முகத்தில் பட்டது. இப்படியே போய்க்கொண்டிருக்கலாம் என்று நினைத்தபோதுதான் பின்னால் சத்தமே இல்லை என்பது உறைத்தது. நின்று, வலது தோள்வழியாகத் திரும்பிப் பார்த்தார். விலாசினியும் ஆதிராவும் தூரத்தில் சைக்கிளைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்கள். ஆதிரா வாயைப் பொத்திக்கொண்டு ஒரு விரலை நீட்டினாள். அவர் தலையை முழுவதும் திருப்பினார்.

இடது பக்கம், பத்தடியில் யானை நின்றது. காலடியில் குட்டி. அதன் முன்னால்தான் அவர் சைக்கிளில் உருண்டு வந்திருக்கிறார். காது ஒருமுறை விசிறியது, அந்தக் காற்று தன் மேல் பட்டதாகவே பொன்னப்பன் பிற்பாடு சொல்வார். அவசரமே இல்லாமல் அது ரோட்டில் ஏறி, அவருக்கும் குடும்பத்துக்கும் நடுவே, குட்டியைக் காலோடு அணைத்துக்கொண்டு கடந்து போனது. அவ்வளவு பெரிய உடம்பு நடந்தும் ஒரு சருகு நொறுங்குகிற சத்தம்தான் கேட்டது. உடம்பெல்லாம் புல்லரித்து, கண்ணில் நீர் கட்டிக்கொண்டு நின்றார்.

“அப்பா, ஆனைய காணல்லியா?” ஓடிவந்த ஆதிராவின் குரல் உடைந்திருந்தது. “அதுக்க தும்பிக்கைக்கு முன்னால கூடி போறீங்க.”

“காணல்ல மக்கா.”

காட்டைத் தாண்டிய முதல் சாயாக்கடையில் அவர் பிளாஸ்டிக் கவரை எடுத்து மேஜையில் வைத்தார். ஆதிரா வாசித்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள். விலாசினி அதைத் தொடக்கூட இல்லை.

“எனக்குத் தெரியும்,” என்றாள். “இடத்த பக்கம் வைக்கிற சாயாவ ஏழு மாசமா தட்டி விடுதீங்க. பின்ன நான் வலத்த பக்கம் வைக்கத் தொடங்குனேன்.”

“நீ ஏன் ஒண்ணும் கேக்கல்ல?”

“நீங்களாட்டு சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

அவர் டம்ளரை வலது பக்கம் நகர்த்தி வைத்தார். “ஒரு ஆனை எனக்க கண்ணுல படல்ல,” என்றார். “பின்ன ஒரு பிள்ள எப்பிடி படும்?” ஆனாலும் கடிதம் எழுதுவேன் என்று சொல்லவில்லை. ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டு உட்கார்வதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் இரவு ஆரியங்கோட்டில் சொந்த வீட்டிலேயே தூங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை கடலுக்குக் கிளம்பினார்கள். பாறசாலை தாண்டியதும் அவருடைய ரூட். குழியெல்லாம் மனப்பாடம். ஆனால் ரோட்டோரத்து மரவள்ளித் தோட்டத்தையும் தாமரை பூத்த குளத்தையும் தலையைத் திருப்பித் திருப்பி அன்றுதான் பார்த்தார். இதெல்லாம் எப்போது வந்தது என்று ஆதிராவிடம் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பொழியூர் ஸ்டாண்ட் வந்தது. அவருடைய பஸ் அங்கே நின்றது. அவர் கை தன் பாட்டுக்கு ஹாண்டிலை ஒடித்து, அரைவட்டம் அடித்து, சைக்கிளை நெய்யாற்றின்கரையைப் பார்த்து நிறுத்திவிட்டது. இரைகிற கடல் முதுகுக்குப் பின்னால். ஆதிரா சிரிக்க வாயெடுத்தவள் அப்பாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

டிரைவர் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தான் சிபி, லீவுக்கு அவர் இடத்தில் ஓட்டுகிறவன். “அண்ணா, நாளைக்கு நீங்க வாறீங்க தான?”

பொன்னப்பன் பஸ்ஸின் பக்கவாட்டில் கையை வைத்தார். தகரம் சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

“இல்ல மக்கா. நாளைக்கு டிப்போவுல கடிதம் குடுக்கப் போறேன். இனி நான் ஸ்டோருலயாக்கும்.” வந்த ரோட்டைக் கைகாட்டினார். “காரோட்டு வளவு திரும்பும்போ இடத்த பக்கம் ஒரு வெள்ள கேட்டு உண்டு. எட்டே காலுக்கு அதுலயிருந்து ஒரு பிள்ள பையும் தூக்கிட்டு சாடி இறங்கும். ஹாரன் அடிச்சாலும் நிக்காது. நீ தான் பாத்துப் போணும்.”

சிபி தலையாட்டினான். நேரமாகிவிட்டது, பஸ் கிளம்பியது. அது வளைவில் மறைகிற வரை பொன்னப்பன் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் சைக்கிள் மணி அடித்தது, இரண்டு தடவை. விலாசினி கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

அவர் சைக்கிளைத் திருப்பினார். கடைசி ஸ்டாப்பைத் தாண்டி, வீடுகளுக்கு நடுவே, வலை காய்கிற சந்து வழியாக, கருங்கல் அடுக்கிய கரையில் போய் மூவரும் நின்றார்கள். இருபத்திரண்டு வருஷம் வெறும் சத்தமாக இருந்தது இப்போது வெயிலில் கிடந்து மின்னியது.

இடது ஓரம் தெரியாதே என்று, இடக்கோடியில் நீரோடிப் பக்கமிருந்து வலக்கோடியில் பூவாறு வரைக்கும் தலையை மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். யாராவது கவனிக்கிறார்களா என்று கூச்சமாக இருந்தது. பக்கத்தில் விலாசினியும் ஆதிராவும் அதே மாதிரி ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.