குல்லாவைக் கழற்றும் காட்சி

எங்கள் படத்தில் காற்றே கிடையாது. காற்றெல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான் அடித்தது.

படம் என்றால் பொம்மைப் படம். கம்ப்யூட்டரில் ஆட்களைச் செய்து, கைகால் ஆட்டி, கண் சிமிட்ட வைத்து, ஒவ்வொரு ஃபிரேமையும் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு வரைய வைத்து, அதாவது ரெண்டர் செய்து, எடுப்பது. ஆட்டி வைப்பது நான். இசை என் வீட்டுக்காரர், வயலின் வாசிப்பார். கதை அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பிழைப்புக்குப் பற்பசை விளம்பரம், பள்ளிக்கூடப் பாடம் என்று கிடைத்ததையெல்லாம் செய்துகொண்டு, மிச்ச நேரத்தில் எங்களுக்கென்று ஒரு படம் எடுத்துவந்தோம். எல்லாம் வீட்டு முன்னறையில், ஒரே ஒரு கம்ப்யூட்டரில்.

அது மேஜைக்கு அடியில் கால் நீட்ட இடமில்லாமல் அடைத்துக்கொண்டு நின்றது. ரெண்டர் ஓட ஆரம்பித்தால் உள்ளே இருக்கும் ஃபேன்கள் எல்லாம் சேர்ந்து ஊளையிடும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை கதவைத் தட்டி, மாவு மில் வைத்திருக்கிறீர்களா என்று மரியாதையாகவே கேட்டார். அந்தச் சத்தத்தில் என் வீட்டுக்காரர் மைக்கைத் திறக்க முடியாது. அவர் வாசித்துப் பதிவு செய்ய வேண்டுமென்றால் நான் ரெண்டரை நிறுத்தி, கம்ப்யூட்டரை அணைத்து, என் நாற்காலியும் கிறீச்சிடும் என்பதால் நானும் வெளியே போய்விட வேண்டும். ஒரே வீட்டில் ஷிஃப்ட் போட்டு வாழ்ந்த புருஷன் பெண்டாட்டி நாங்களாகத்தான் இருப்போம். அவர் படத்துக்கு வாசித்ததையெல்லாம் நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் கேட்டிருக்கிறேன்.

எங்கள் கதாநாயகி ஒரு சின்னப் பெண். அவளை நாங்கள் குல்லா என்றே கூப்பிட்டோம். காற்றே வீசாத ஓர் ஊரில் பிறந்தவள், காற்று எப்படி இருக்கும் என்று பார்க்கக் கிளம்பிப் போகிறாள். அவள் தலையில் எப்போதும் ஒரு கம்பளிக் குல்லா. அதற்குக் காரணம் குளிர் இல்லை, கம்ப்யூட்டர். இந்தத் தொழிலில் முடியைப் போலப் பெரிய தலைவலி வேறில்லை. ஒவ்வோர் இழையும் தனியாக அசைய வேண்டும், ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழ வேண்டும். எங்கள் கம்ப்யூட்டரில் அதை முயன்று பார்த்தபோதெல்லாம் திரை உறைந்து நின்று, பிறகு மொத்தமாக அணைந்துபோனது. எனவே எங்கள் படத்து ஊரில் பாதிப் பேர் மொட்டை, மீதிப் பேர் தொப்பி. பார்த்தவர்கள், "என்ன ஸ்டைலா இருக்கு அந்தக் குல்லா!" என்றார்கள். நாங்களும் வெட்கமில்லாமல் தலையாட்டி அவர்களுக்கும் ஒரு குல்லா போட்டோம்.

ஆனால் அண்ணி விடவில்லை. கதையின் கடைசிக் காட்சியில் பெண் மலை உச்சிக்குப் போய்ச் சேருகிறாள். காற்று வருகிறது. அவள் குல்லாவைக் கழற்றுகிறாள்.

"அண்ணி, அவ குல்லாவுக்குள்ள ஒண்ணுமே இல்ல. கழட்டினா மொட்டை மண்டைதான்" என்பேன்.

"காத்து கண்ணுக்குத் தெரியுமாம்மா? அவ முடியிலதான் தெரியணும். கழட்டலன்னா அவ மலையேறினதே தண்டம்" என்பார் அண்ணி.

இந்தச் சண்டை தீராமலே படம் கடைசிக் காட்சியின் வாசலில் வந்து நின்றுவிட்டது. நின்றது நின்றபடி இருக்கையில், ஒரு காலை கம்ப்யூட்டர் லேசான புகைவாடையோடு கண்ணை மூடியது. இனிப் புதிதுதான். எங்களிடம் இருந்த பணத்துக்கு ஒன்றே ஒன்று வாங்கலாம், அதை வைத்துப் பல வருஷம் ஓட்டியாக வேண்டும். புதியதிலும் முடி முடியாது என்றால் குல்லா தலையிலேயே இருக்கட்டும், படத்தை அப்படியே முடித்துவிடலாம் என்று மூவரும் பேசி வைத்துக்கொண்டோம். அண்ணி வாயால் சரி என்றார். முகம் சரி என்று சொல்லவில்லை.

கடைக்கு மூவருமாகக் கிளம்பினோம். வழியெல்லாம் நானும் என் வீட்டுக்காரரும் முறைத்துக்கொண்டே போனோம். எனக்குப் பலம் வேண்டும். அவருக்கு அமைதி வேண்டும். பலம் என்றால் பெரிய பெட்டி, பெரிய பெட்டி என்றால் பெரிய சத்தம், இதுதான் நான் அறிந்த உலகம்.

"சத்தமே வராம வேணும்னா கால்குலேட்டர் வாங்கிக்கங்க" என்றேன்.

"பலமா வேணும்னா நீ ஒரு லாரி வாங்கிக்க" என்றார்.

கடைக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவர் முழுக்கத் திரைகள். அத்தனையிலும் சேர்ந்து ஒரே கடல், அலை ஒன்று இந்தத் திரையில் கிளம்பி அந்தத் திரையில் உடைந்தது. நுரையில் ஒவ்வொரு குமிழியும் தெரிந்தது. பக்கத்திலேயே ஆள் உயரத்தில் பாதிக்கு ஒரு பெட்டி, கண்ணாடிக் கதவு, உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்குகள். இதுதான் கடலை ஓட்டுகிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கை நீட்டி, "இது" என்றேன்.

கடைக்காரர் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த நிதானமான மனிதர். மறுபேச்சில்லாமல் அதை இயக்கினார். அது வரை அது அணைந்துதான் இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஃபேன்கள் உறுமின. என் வீட்டுக்காரர் பின்வாங்கினார்.

"இது பக்கத்துல வாசிச்சா என் வயலினே எழுந்து ஓடிப்போயிடும்" என்றார். பிறகு சுவரைப் பார்த்து, "அப்ப அந்தக் கடலை எது ஓட்டுது? சத்தமே காணோமே" என்றார்.

கடைக்காரர் மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார். அதன் பின்னால் ஒரு வெள்ளைப் பெட்டி. மதியச் சாப்பாடு எடுத்துப் போகும் டப்பா அளவு.

"இதுங்க" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காது குத்துகிறார்கள் என்று நினைத்தேன். மேஜை விரிப்பைத் தூக்கிக் குனிந்து அடியில் பார்த்தேன். அந்தப் பக்கம் நின்ற அண்ணியின் செருப்புக் காலும் ஒரு குப்பைக் கூடையும்தான் தெரிந்தன. மேஜைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பெட்டியிலிருந்து போகும் வயர்களைக் கையாலேயே தடவிக்கொண்டு போனேன், எல்லாம் திரைகளுக்கே போயின. மீதி இருந்தது ஒரே ஒரு பவர் வயர். அதைப் பிடுங்கினேன்.

கடல் மொத்தமும் இருண்டுபோனது. கடையிலிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"திருப்தியாம்மா?" என்றார் அண்ணி.

"எல்லாரும் குனிஞ்சு பாப்பாங்க" என்றார் கடைக்காரர், வயரைத் திரும்பச் சொருகியபடி. "பிடுங்கினது நீங்கதான் முதல் ஆளு."

எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய கடல் இதற்குள் எங்கே இருந்தது?

இருந்தாலும் சுவரில் ஓடுவது யாரோ செய்துவைத்த கடல். என் வேலை வேறு. கைப்பையிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தேன். எங்களிடம் இருந்ததிலேயே கனமான காட்சி, பழைய கம்ப்யூட்டரை முக்கி முனக வைத்த மலை உச்சி. கடைக்காரர் திறந்தார். கண் சிமிட்டுவதற்குள் குல்லா வந்து நின்றாள். பெட்டி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் வரைபடத்தை அவர் பார்த்தார், அது தரையோடு படுத்திருந்தது.

"இது ரொம்ப லேசா இருக்கே மேடம்" என்றார்.

லேசாம்! இதற்காக நான் எத்தனை முறை தலையிலடித்துக்கொண்டிருக்கிறேன். கோபத்தோடு திரையைப் பார்த்தவள் அப்படியே நின்றேன். அவர் சொன்னது உண்மை. மலையில் புல் இல்லை, பாறை. வானத்தில் மேகம் இல்லை, வெறும் நீலம். சட்டையில் மடிப்பு இல்லை. பழைய கம்ப்யூட்டர் எதைத் தாங்காதோ அதையெல்லாம் ஒவ்வொன்றாக நறுக்கி எறிந்து, கடைசியில் அது தாங்கும் அளவுக்கு நான் யோசிக்கவே பழகிப்போயிருந்தேன். இதை வைத்துக்கொண்டு எந்தப் பெட்டியைச் சோதிக்க முடியும்?

"நகருங்க" என்று கடைக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்தேன். குல்லாவைக் கழற்றி ஒளித்துவைத்தேன். மொட்டைத் தலை. முடிக்கான பகுதியைத் திறந்தேன்.

"எவ்வளவு நீளம் வைக்கட்டும்?" என்றேன் திரும்பாமலே.

"இடுப்பு வரைக்கும்" என்றார் அண்ணி.

"தோள் வரைக்கும்" என்றார் என் வீட்டுக்காரர், அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷமாக ஆளுக்கொரு முடியை மனசில் வளர்த்து வைத்திருக்கிறார்கள், வாய் திறந்து சொன்னதில்லை. நான் மட்டும் அதை யோசித்ததே இல்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் என் கை தயங்கவே இல்லை. முழங்கை வரை நீளம், நுனியில் கொஞ்சம் சுருட்டை, காதோரம் அடங்காமல் துருத்தும் ஒரு கொத்து என்று அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டே போனது. எண்ணிக்கை என்று கேட்ட இடத்தில் பொம்மைக்குத் தைக்கும் அளவுதான் எப்போதும் போடுவேன். இம்முறை மனிதத் தலையில் இருக்கும் அளவு போட்டேன். சுழியங்களைப் பார்க்கவே பயமாக இருந்தது. காற்றையும் சேர்த்தேன். பட்டனைத் தட்டிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து வாசலை நோக்கி நடந்தேன்.

"மேடம், எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் கடைக்காரர்.

"துணி எடுக்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. வீட்டில் பட்டனைத் தட்டினால் கொடியில் கிடக்கும் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு வந்தாலும் பாதிதான் முடிந்திருக்கும்.

"முடிஞ்சிடுச்சு, வாங்க" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். எங்கள் பெண்ணின் தலையில் முடி பறந்துகொண்டிருந்தது. கொத்தாக இல்லை, இழை இழையாக. நெற்றியில் விழுந்தது விலகியது, விலகியது மறுபடி விழுந்தது. காதோரக் கொத்து நான் நினைத்தபடியே அடங்க மறுத்தது. முடியின் நிழல் கன்னத்தில் ஓடியது. அவளை எனக்குப் பல வருஷமாகத் தெரியும், அவள் விரல் நகம் வரை நான் செய்தது. ஆனாலும் அந்தக் கடையில்தான் அவளை முதன்முதலாகப் பார்த்தேன். பேசினால் அழுதுவிடுவேன் என்பதால், "ம்" என்றேன்.

அண்ணி திரையருகே போய், அந்த முடியை ஒதுக்கிவிடுவதுபோல விரலை நீட்டினார்.

என் வீட்டுக்காரர் குனிந்து பெட்டியின் மேல் காதை வைத்திருந்தார். குழந்தை தூங்குகிறதா என்று பார்ப்பவரைப் போல மூச்சடக்கிக் கேட்டார்.

"காத்து வருது. சத்தம் வரல" என்றார் நிமிர்ந்து.

பிறகு என்ன, நல்லவேளையாகப் பணம் கட்டும் முன்பே கடைக்காரர் ஒரு விஷயம் சொன்னார். இந்தச் சின்னப் பெட்டியில் மெமரியை, அதாவது ஓடும் வேலையைத் தாங்கும் இடத்தை, பின்னால் கூட்டிக்கொள்ள முடியாது, வாங்கும்போது எடுத்தது எடுத்ததுதான். படங்களைச் சேர்த்துவைக்கும் இடம் பற்றாவிட்டால் வெளியிலிருந்து டிஸ்க் மாட்டிக்கொள்ளலாம். வரைபடத்தைக் காட்டினார், முடி பறக்கும்போது அது நன்றாகவே நிமிர்ந்திருந்தது. உள்ளே இடம் குறைவாகவும் மெமரி நிறையவும் உள்ளதை எடுத்தோம். எங்கள் பழைய டிஸ்க்குகளுக்கு மறுபடி வேலை கிடைத்தது. பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்தபோது வண்டி பிடித்து இரண்டு ஆள் தூக்கினார்கள். இதை அண்ணி தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் நான் குல்லாவின் தலையிலேயே குடியிருந்தேன். மலையில் புல் வைத்தேன். வானத்தில் மேகம் வைத்தேன். கடைசியில் ஒரு வெயில் காலை, ரெண்டரை ஓடவிட்டேன். காட்சியின் முன்பாதி முடிந்து வந்துவிட்டது, மிச்சம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. வந்தவரைக்கும் பார்க்கலாம் என்று அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் வயலினை எடுத்து, மைக்கை நிமிர்த்தினார்.

நான் எழுந்தேன்.

"எங்க போற?" என்றார்.

"அணைச்சிட்டுப் போறேன். நீங்க வாசிக்கப் போறீங்கல்ல?"

"அது ஓடுறது உனக்குக் கேக்குதா?"

காதைத் தீட்டிக் கேட்டேன். குளியலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. தெருவில் ஒரு சைக்கிள் போனது கேட்டது. மேஜை மேல் அவ்வளவு வேலை நடந்துகொண்டிருந்தது, அது மட்டும் கேட்கவில்லை.

"உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். படம் ஓடியது. குல்லா தட்டுத்தடுமாறிக் கடைசிப் பாறையில் ஏறினாள். புல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. கையைத் தூக்கிக் குல்லாவைப் பிடித்தாள். இந்த இடத்துக்காக என் வீட்டுக்காரர் எப்போதோ ஒரு மெட்டுப் போட்டு வைத்திருந்தார், கதவுக்குப் பின்னாலிருந்து எனக்கே அது மனப்பாடம். வில்லைத் தூக்கியவர் அதை வாசிக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். அவள் குல்லாவை இழுத்தாள். முடி அவிழ்ந்து முழு வானத்திலும் விரிந்தது.

அதற்குப் பிறகுதான் வில் தந்தியைத் தொட்டது. நான் கேட்டே இராத ஒன்றை வாசித்தார். வாசிக்கும்போது அவர் புருவம் இப்படி ஏறுமா, வாய் குழந்தை போல லேசாகத் திறந்துகொள்ளுமா? எனக்கு யார் சொன்னார்கள்? ஒரு கண்ணில் அவளையும் ஒரு கண்ணில் அவரையும் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

பதிவைப் போட்டுக் கேட்டோம். வயலின் தொடங்குவதற்கு முன்னால், குல்லா தலையை விட்டு நீங்கும் இடத்தில், ஒரு சத்தம் இருந்தது. யாரோ ஆச்சரியத்தில் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். அது என்னுடையது. இழுத்தது எனக்கே தெரியாது.

"ஐயோ, அதை அழிங்க. வெட்கக்கேடு" என்றேன்.

அவர் அழிக்கவில்லை. படத்தோடு சேர்த்து மறுபடி ஓட்டினார். திரையில் பெண் வாயைத் திறக்கிறாள், மூச்சு கேட்கிறது.

"அவளுக்கு நாம இது வரைக்கும் மூச்சே குடுக்கலக்கா" என்றார் தன் அக்காவிடம்.

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது இவளோடது இல்லடா, அவளோடதுதான். அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அப்படியே இருக்கிறது. படத்தைப் பார்ப்பவர்களுக்கு அந்த இடத்தில் குல்லா மூச்சிழுப்பது கேட்கும், பிறகு வயலின் கேட்கும். நல்ல ஹெட்ஃபோன் மாட்டினால், எங்கள் குளியலறைக் குழாய் ஒருமுறை சொட்டுவதுகூடக் கேட்கும். மைக்குக்குப் பக்கத்திலேயே அந்த வெள்ளைப் பெட்டி மிச்ச முடியையெல்லாம் இழை இழையாகப் பறக்கவிட்டுக்கொண்டு இருந்தது. அது மட்டும் கேட்காது.