ஈயக் குண்டுக்கு எந்த மருந்து?

எங்கள் வீட்டுக் குசினி சீலிங்கில் ஈயம் ஒட்டியதற்கு நான்தான் காரணம். வெளியே மழையில் கிடந்த ஒரு ஈயத்துண்டைத் துடைக்காமல் கொள்ளாமல், உருகித் தளதளத்துக்கொண்டிருந்த ஈயத்துக்குள் போட்டேன். உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் என்ன நடக்கும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்துப் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கியவன் நான். அந்த அறிவு முழுவதும் யாழ்ப்பாணத்திலேயே தங்கிவிட்டது போலும். டுப் என்று ஒரு சத்தம். பார்த்தால் நான் கதிரைக்குப் பின்னால் கிடக்கிறேன். ஈயத்தில் பாதி சீலிங்கில், மீதி புது லினோலியத்தில். என்மேல் ஒரு துளிகூடப் படவில்லை. அதில்தான் என் மனைவி யோகராணிக்குக் கூடுதல் கோபம் என்று நினைக்கிறேன்.

"இஞ்சாருங்கோ, அது என்ர தாச்சியெல்லோ?" என்றாள் வாசலில் நின்றபடி.

"ஓம்."

"மத்தியானம் கத்தரிக்காய் பொரிச்ச தாச்சி?"

"வடிவாக் கழுவிப்போட்டுத்தான் எடுத்தனான்."

"ஏன், ஈயத்துக்குக் கத்தரிக்காய் மணக்கக் கூடாதெண்டோ?"

கார்ச் சில்லுகள் ஆடாமல் சுற்றத் தட்டி வைக்கிற ஈயத்துண்டுகளை டயர்க் கடையில் இரந்து வாங்கி வந்து, உருக்கி, அச்சில் வார்த்து, துவக்குக்குக் குண்டு செய்கிறேன் என்று சொன்னால், சிட்னியில் கிரவீனில் குடியிருக்கும் ஒரு படம் வரையும் உத்தியோகத்தனுக்கு இது தேவையா என்று கேட்பாள். தேவைதான். எனக்குத் தோளில் ஒப்பரேசன் நடந்திருந்தது.

வீட்டுக் கூரைப் பீலியில் அடைத்த இலைகளை அள்ள ஏணியில் ஏறினேன். இறங்கும்போது ஏணியைப் பாவிக்கவில்லை. பரமட்டாவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வலது தோளைத் திறந்து தைத்தார்கள். துவக்குச் சுடலாமா என்று டொக்டரிடம் கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்து, "எப்படிப் போகிறது என்று பார்ப்போமே" என்றார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிலோனில் பிறந்திருக்க வேண்டிய மனிதர்.

எங்கள் ரைபிள் கிளப் பிளாக்டவுனுக்கு அப்பால் ஒரு வெளியில் இருந்தது. சனிக்கிழமைகளில் நான் வாயை மூடிக்கொண்டு இருக்கும் ஒரே இடம் அது. ஆஸ்திரேலியாவுக்கு வந்து நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியமும் அதுதான்: கிளப்பின் நால்வர் அணியில் நான் நாலாவது ஆள். அந்த வருடம், எழுபத்தைந்தில், ஈஸ்டருக்கு மெல்பேர்னில் போட்டி. அதற்கு அணியைத் தேர்ந்தெடுக்க மார்ச் மாதம் நூறு மீற்றரில் தெரிவுச் சூடு. பழைய த்ரீ-ஓ-த்ரீ துவக்கில் கடைத் தோட்டாவைப் போட்டு ஒரு தரம் சுட்டுப் பார்த்தேன். உதைத்த உதையில் கண்ணீர் வந்தது. தையல் போட்ட இடத்தில் ஆரோ ஆணி அடித்த மாதிரி இருந்தது.

மிஞ்சியது ஒரே வழி. சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளில் நானே குறைந்த மருந்து நிரப்பி, மெதுவான ஈயக் குண்டு வைத்து, உதை குறைந்த தோட்டா செய்வது. நூறு மீற்றருக்கு அது தாராளமாகப் போதும். குண்டு வார்க்கப் பழகிவிட்டேன். சீலிங் அதற்குச் சாட்சி. ஆனால் எந்த வெடிமருந்து? கடைத் தட்டில் நிற்கும் தகரங்கள் எல்லாம் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரிந்தன.

கிளப் கப்டன் ரெஜ்ஜிடம் கேட்டிருக்கலாம். முப்பது வருடம் சுட்ட மனிதன், கிளப்பில் பக்கத்து மேசையில்தான் இருந்தான். நான் விக்னராஜாவிடம் கேட்டேன்.

விக்னராஜா, எங்களுக்கு விக்கி, என் கூட்டாளி. நான் சிட்னியில் இறங்கிய அன்று விமான நிலையத்துக்குக் கம்பளிக் கோட்டோடு வந்து நின்றவன். எங்களுக்கு வீடு கிடைக்கும்வரை தன் வீட்டு முன் அறையை விட்டுத் தந்தவன். பெயின்ற் தொழிற்சாலையில் இரசாயனக்காரன். கிளப்புக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனவன் நான். அவனும் நன்றாகவே சுடுவான். ஆனால் இரண்டு வருடமாக ஐந்தாவது ஆள். அணி போகும்போது சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கித் தந்து கையசைப்பான்.

அவனுடைய கராஜில் வைத்துத்தான் கேட்டேன்.

"மச்சான், உதைக்கக் கூடாது. ஈயக் குண்டு. எந்த மருந்து போடுறது?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "உதை எண்டால் என்ன? மருந்து கெதியா எரிஞ்சு ஒரேயடியாத் தள்ளுறது. விளங்குதோ?"

"விளங்குது."

"அப்ப ஆறுதலா எரியிற மருந்தை எடு. ரெயில் வெளிக்கிடுற மாதிரி மெல்லமாத் தள்ளும். அதையும் கோதுக்குப் பாதிதான் போடு. தோள் அறியாது."

எவ்வளவு அழகான விளக்கம்! படித்தவன் சொல்கிறான், தமிழில் சொல்கிறான், கம்பளிக் கோட்டோடு வந்தவன் சொல்கிறான். இதை இன்னொரு தரம் ரெஜ்ஜிடம் போய் இங்கிலீசில் கேட்டுச் சரிபார்ப்பதா? எங்களுக்குள் அது வழக்கமில்லை. நம்முடைய ஆள் சொன்னதை வெள்ளைக்காரனிடம் விசாரித்தான் என்று தெரிந்தால், பேந்து அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்க முடியாது. ஆறுதலாக எரியும் மருந்துத் தகரம் ஒன்றை வாங்கினேன். முன்கூட்டிச் சுட்டுப் பார்த்தாயா என்று நீங்கள் கேட்பீர்கள். தோளை மிச்சம் பிடிக்கிறேன் என்று நினைத்தேன். விக்கி சொல்லிவிட்டானே, பிறகென்ன பார்ப்பது?

தெரிவுச் சூட்டின் முதல் வெடியில் உதையே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது வெடி கழுதை மாதிரி உதைத்தது. மூன்றாவதற்கு விசையை இழுத்தேன், சத்தமில்லை. என்னடா என்று நான் யோசித்து முடிய வெடித்தது. போல்ட்டைத் திறந்தால் எரியாத மருந்து மஞ்சள் மஞ்சளாக, சோற்றுப் பருக்கை மாதிரி, மடியில் கொட்டியது. இலக்கில் துளைகள் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டவை போல ஆளுக்கொரு மூலையில் நின்றன. கடைசியில் ஒரு குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. நல்ல காலம், சத்தம் குறைந்ததைக் கேட்ட ரெஜ் ஓடிவந்து என் கையைப் பிடித்தான். அடுத்ததையும் சுட்டிருந்தால் குழல் கிழிந்திருக்கும் என்றான்.

பித்தளைக் கம்பியால் குண்டைத் தட்டி வெளியே எடுத்துக்கொண்டே, "கதிர், இதுக்கு என்னத்தைத் தின்னக் கொடுத்தாய்?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறக்க முன்னமே விக்னராஜா பக்கத்தில் வந்து நின்றான். "தோள் இன்னும் சரியில்லை, ரெஜ். பாவம், அவசரப்பட்டிட்டான்."

ரெஜ் தலையை ஆட்டினான். என் கூட்டாளி எனக்காகப் பேசுகிறானே என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படி ஒரு மடையன் நான்.

நாலாவது இடம் விக்னராஜாவுக்குப் போனது. அடுத்த நாள் யோகராணியைக் கொண்டு உழுந்து வடை சுடுவித்து, அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அவனைக் கட்டிப் பிடித்து வாழ்த்தினேன். இடது கையால்தான். அவன் மனைவி சந்திரவதனா, "உங்களை மாதிரி ஒரு ஆளை எங்கை அண்ணை தேடுறது" என்றாள். விக்கி வடையில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றான்.

மிஞ்சிய மருந்தோடு தகரத்தைத் தூக்கிக்கொண்டு, பழுதான மருந்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சண்டை பிடிக்கத்தான் கடைக்குப் போனேன். பரமட்டாவில் ஸ்டேசனுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த அந்தக் கடை இப்போது இல்லை. கடைக்காரன் பெரிய வயிறும் சின்னக் குரலும் உள்ளவன். நான் கத்தி முடியும்வரை பொறுமையாகக் கேட்டான்.

"ஈயக் குண்டுக்கா இதைப் பாதி போட்டாய்?"

"ஓம்."

"இது கோது நிறையப் போட்டு, பாரமான குண்டை வைத்து இறுக்கினால்தான் ஒழுங்காக எரியும். பாதி போட்டால் ஈர விறகு மாதிரி. கொஞ்சம் எரியும், மீதியைத் துப்பும். ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு மாதிரி." தட்டிலிருந்து வேறொரு தகரத்தை எடுத்து வைத்தான். "உதை வேண்டாமென்றால் கெதியாக எரிகிற மருந்து. மிகக் கொஞ்சம். குண்டு பாதி தூரம் போக முன்னமே முழுக்க எரிந்து முடிந்துவிடும். ஒரு கோதுக்கு மறந்துபோய் இரண்டு தரம் ஊற்றாமல் கவனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்."

"எனக்கு ஆரும் சொல்லவில்லையே."

"உன் கூட்டாளியிடம் கேட்டிருக்கலாமே. கண்ணாடி போட்ட மற்றச் சிலோன்காரன். போன குளிருக்கு வந்து ஈயக் குண்டுக்கு எது நல்லதென்று கேட்டான். இந்தக் கெதியாக எரிகிறதைத்தான் கொடுத்தேன். பிறகு நன்றி சொல்லவென்றே ஒரு தரம் வந்தான், குண்டெல்லாம் ஒரே துளையில் போகிறதாம்."

நான் சண்டை பிடிக்க வந்ததை மறந்துபோனேன். தகரத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்து, என் பஸ் வந்து நின்று போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று முழுவதும் என் வேலை விக்னராஜாவுக்குச் சாட்டுத் தேடுவது. தகரங்களை மாறி நினைத்திருப்பான். நான் கேள்வியை மாறிக் கேட்டிருப்பேன். எனக்கு உதைபட்டுவிடும் என்ற பயத்தில் கூடுதலாக யோசித்திருப்பான். யோகராணியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்த கையோடு திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு விளங்காமலோ இருக்கு?"

"விளங்குது. ஆனால் அவன் சொல்லவேணும்."

"அப்ப போய்க் கேளுங்கோ. வடை கொண்டு போகாதேங்கோ."

ஞாயிறு மத்தியானம் போனேன். மறுநாள் மெல்பேர்ன் பயணம். வாசலில் அவனுடைய பை கட்டி வைத்திருந்தது.

"வா மச்சான், வா," என்றான். "வதனா, கதிருக்குத் தேத்தண்ணி."

"நான் கடைக்குப் போனனான், விக்கி."

"அப்பிடியே? வெயில் என்ன வெயில். இரு."

"ஈயக் குண்டுக்குக் கெதியா எரியிற மருந்துதானாம் போடுறது."

"ஒவ்வொருத்தன் ஒவ்வொண்டு சொல்லுவான்."

"நீ அதைத்தானாம் போன குளிரிலையிருந்து போடுறாய்."

"தேத்தண்ணி ஆறுது, குடி."

சந்திரவதனா ஒரு தட்டில் பிஸ்கட் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். "இருந்து சாப்பிட்டுப் போங்கோவன், அண்ணை," என்று சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே போய்விட்டாள்.

"மாறிச் சொல்லிப்போட்டியோ?" என்று கேட்டேன். அவனுக்கு நல்ல அகலமான ஒரு வாசலைத் திறந்து விட்டேன். "ஓம் எண்டு சொல்லு, நான் எழும்பிப் போறன். மெல்பேர்னுக்குச் சந்தோசமாப் போட்டு வா."

விக்னராஜா எழுந்து கராஜுக்குப் போனான். நானும் பின்னால் போனேன். அவன் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான்.

"எத்தினை தரமடா கேப்பாய்?" என்றான்.

"நீ சொல்லுமட்டும்."

"உன்னை நான் வீட்டிலை வச்சிருந்தனான்."

"ஓம். அதுதான் கேக்கிறன்."

அவன் திரும்பினான். கண்ணாடியைக் கழற்றினான், இந்த முறை துடைக்கவில்லை.

"நாலு பேரிலை எங்கடை ஆக்கள் ரெண்டு பேரை எடுக்கமாட்டாங்கள், கதிர்."

"ரெஜ் அப்பிடிச் சொன்னவனோ?"

"சொல்லேல்லை. நான் கேக்கவுமில்லை. எனக்குப் பட்டுது. நீ இருக்குமட்டும் நான் பெட்டி தூக்கிறவன்தான்."

"குழலுக்குள்ளை குண்டு நிண்டது. நான் மற்றதையும் சுட்டிருந்தால்?"

வீட்டுக்குள் சந்திரவதனா கோப்பைகளைக் கழுவும் சத்தம் நின்றுவிட்டது. நான் இன்னும் ஒரு சாட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். தெரியாது மச்சான் என்றாவது சொல்லமாட்டானா என்று பார்த்தேன்.

"குறி தவறும் எண்டு தெரியும்," என்றான் விக்னராஜா. "குண்டு நிக்கவும் கூடும் எண்டும் தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான் உனக்கு அந்த மருந்தைச் சொன்னனான். எனக்கு உன்ர இடம் வேணுமாயிருந்தது."