எவ்வளவு இறுக்கினால் போதும்

விஸ்கான்சினில் சனிக்கிழமை காலையில் காரேஜ் கதவைத் தூக்கி வைத்துவிட்டால், அக்கம்பக்கத்தார் அழைப்புக்காகக் காத்திருப்பதில்லை. பக்கத்து வீட்டு லைல் காப்பிக் கோப்பையோடு நேரே உள்ளே வந்துவிட்டான். மார்லிஸ், ஒட்டிய பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு கிளாம்புகளை மேசைமேல் வைத்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று லைல் இரவல் தந்த கனத்த இரும்புக் குழாய். மற்றது கடையில் அவளே எடுத்தது. மெலிந்த கம்பி, மரக் கைப்பிடி.

"அது பொம்மை, மார்லிஸ். ஓக் பலகைய ஒட்டுறதுக்கு அது எந்த மூலைக்கு? முக்கி முனகி இறுக்கினாத்தான் பிடிக்கும்."

"நீ முனகுறது பசைக்குக் கேக்குமா?"

வாய் அப்படிச் சொன்னாலும் அவளுக்கு உள்ளூர பயம்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் அண்டா தூக்கியதில் விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது. லைலின் கிளாம்பை ஒரு சுற்றுக்கு மேல் அவளால் திருப்ப முடியவில்லை. அதுதான் வேண்டுமென்றால், நவம்பர் விருந்துக்கு அவள் செய்ய நினைத்த சாப்பாட்டு மேசை இல்லை, இந்த காரேஜ் பட்டறையும் இல்லை. ரம்பத்தை விற்றுவிட்டுச் சீட்டாடப் போக வேண்டியதுதான். ஆனாலும் ஒரு கேள்வி அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. உண்மையில் எவ்வளவு இறுக்கினால் போதும்?

குளியலறைக்குப் போய், எடை பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் வைத்துத் தன் கிளாம்பை மாட்டி, கை வலிக்கும்வரை திருகினாள். முள் நூற்று நாற்பது பவுண்டில் நின்றது. அடுத்து லைல் முக்கினான். முள் முந்நூறைத் தாண்டிக் கடைசிவரை ஓடியது. உள்ளே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது.

சத்தம் கேட்டு வந்த கணவன் ஆரின் எட்டிப் பார்த்தான். "நல்லதாப் போச்சு. இனிமே நான் இளைச்சுட்டேன்னு சொல்லிக்கலாம்."

"பாத்தியா, மார்லிஸ்?" என்றான் லைல்.

"பாத்தேன். உனக்கு எவ்வளவு பலம்னு தெரிஞ்சுது. பலகைக்கு எவ்வளவு வேணும்னு இன்னும் தெரியலையே."

ஓக் துண்டுகளில் இரண்டு ஜோடி எடுத்தாள். விளிம்போடு விளிம்பு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் ஒரு கீற்றுகூடத் தெரியாத அளவுக்கு இழைத்தாள். பசை தடவி, ஒரு ஜோடியை லைல் இறுக்கினான். மற்றதை அவள் இறுக்கி, அடியில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டாள்.

மறுநாள் சர்ச் முடிந்ததும் லைல் வேலைக்குப் போடும் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தான். தன் பலகையை இரண்டு செங்கல்லுக்கு நடுவில் பாலம்போல் வைத்து மிதித்தான். மூன்றாவது மிதிக்கு உடைந்தது. பசைக் கோடு அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்து மரம்தான் பிளந்திருந்தது. அவன் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

அடுத்து அவளுடையது. மார்லிஸ் திரும்பி நின்றுகொண்டாள். ஒரு மிதி. இரண்டு. மூன்றாவதில் படாரென்றது.

திரும்பிப் பார்த்தாள். அவன் குனிந்து இருவருடைய உடைந்த பலகைகளையும் புரட்டிக்கொண்டிருந்தான். இரண்டிலும் மரம்தான் போயிருந்தது, பசை விடவில்லை. சாக்கட்டிக் கோட்டைத் தேடித்தான் எது யாருடையது என்று அவனால் கண்டுபிடிக்க முடிந்தது.

"எவ்வளவுதான் இறுக்கினே நீ?"

மார்லிஸ் அவன் கையை எடுத்துத் தன் வீங்கிய விரல்களால் ஒரு பிடி பிடித்துக் காட்டினாள்.

"இவ்வளவுதான்."