ஒத்திகைக்கு ஒரு ராவுத்தர்

போடி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஜெபராஜ், முஸ்லிம் பேச்சாளரோடு விவாத மேடை என்று ஒன்று முடிவானால் ஒரு மாதத்துக்கு முன்பே வீட்டில் ராவுத்தர் ஒருத்தரை உண்டாக்கிவிடுவார். அந்த ராவுத்தர் அவருடைய மனைவி ஜெபஷீலாதான். வேறு யார் அகப்படுவார்கள்? எதிர்த்தரப்பு என்னென்ன கேட்கும் என்று அவள் பார்த்து வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். அவர் பதில் சொல்லிப் பழக வேண்டும். குத்துச்சண்டைக்காரனுக்கு மணல்மூட்டை மாதிரி. மூட்டை திருப்பி அடிக்கும் என்று அந்த மனுஷன் நினைக்கவே இல்லை, பாவம்.

இந்த முறை எதிரே உட்காரப் போகிறவர் கம்பத்து ஏலக்காய் வியாபாரி சிக்கந்தர் ராவுத்தர். இடம் உத்தமபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற திரித்துவம் இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர் காலத்திலேயே இருந்ததா, முந்நூறு வருஷம் கழித்து ஆயர்கள் நிசேயா சங்கத்தில் கூடி உண்டாக்கியதா என்பது தலைப்பு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, கடைக்குப் பின்னாலிருக்கும் குடோனில் ஒத்திகை நடக்கும். கவிழ்த்துப்போட்ட அண்டாமேல் ஜெபஷீலா உட்காருவாள். ஜெபராஜ் கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு நிற்பார். "அண்ணாச்சி" என்று கூப்பிட்டால் ராவுத்தர் பேசுகிறார். "ஏங்க" என்றால் பெண்டாட்டி பேசுகிறாள். அவர்களுக்குள் அப்படி ஒரு ஏற்பாடு.

முதல் வாரம் அவள் ராவுத்தரின் வீடியோக்களைப் பார்த்துக் கேட்டாள். வீடியோக்கள் தீர்ந்துபோயின. கேள்வி தீரவில்லை.

"சிலுவைக்கு முந்துன ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசு முகங்குப்புற விழுந்து ஜெபம் பண்ணுனாரே அண்ணாச்சி, பாடுங்கற அந்தப் பாத்திரம் நீங்கலயே. மகன் கேட்டதே கெடைக்கலன்னா நாம கேக்குறது எம்மாத்திரம்?"

ஜெபராஜ் துள்ளிக் குதித்தார். "அடேங்கப்பா! ராவுத்தரே இப்பிடிக் கேக்க மாட்டாரு, புள்ள!" உடனே நாலு வசனத்தை எடுத்து விளாசு விளாசென்று விளாசினார். சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஒன்றும் அவள் நெஞ்சுக்குள் இறங்கவில்லை.

அவளுக்குப் பயமாக இருந்தது. பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று கோயிலில் வாய் சொல்கிறது, மனசு வாசலிலேயே நின்றுவிடுகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல? ஊருக்கே பதில் சொல்கிறவர் வீட்டில் இருக்கிறார். அவரிடம் சொன்னால் அதற்கும் சபாஷ் போடுவார். அவளுக்கு மிஞ்சியிருந்த பிடி ஒன்றே ஒன்றுதான்: தன் புருஷன் பொய் சொல்கிற ஆள் இல்லை. அவர் அத்தனை உறுதியாக நம்புகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

அந்தப் பிடியிலும் மண் விழுந்தது. ரோமாபுரியில் மிருகங்களுக்கு இரையாகப் போகும் வழியில் சபைகளுக்கு ஏழு நிருபக் கடிதங்கள் எழுதிய அந்தியோகியா ஆயர் இக்னேஷியஸ் பெயரைப் போட்டு, 'மூன்று ஆள், ஒரே சாரம்' என்று ஒரு வாக்கியம் ஜெபராஜின் போனுக்கு வந்திருந்தது. நிசேயாவுக்கு இருநூறு வருஷம் முந்தியது! "ராவுத்தர் நெத்தியில விழப்போற தாவீது கல்லு இதுதான்" என்று குதியாட்டம் போட்டார். ஜெபஷீலா அலமாரியிலிருந்த தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்து ஏழு நிருபங்களையும் படித்தாள். இயேசுவைக் கடவுள் என்று அந்த ஆயர் தாராளமாகவே சொல்கிறார். இந்த வாக்கியம் மட்டும் எங்கும் இல்லை.

"ஏங்க, நீங்க சொல்ற வாக்கியம் அந்த நிருபத்துல எதுலயும் இல்லங்க."

"சபாஷ்! ராவுத்தர் இப்பிடித்தான் மடக்கப் பாப்பாரு. மூலத்துல இருக்கு, தமிழ்ல விட்டுட்டாகன்னு ஒரே போடா போட்டுருவேன்."

"நான் ஷீலாவாத்தான் சொல்றேன்."

"அதேதான், அந்த அழுத்தம்! விடாம கேளு!"

கரண்டியைப் பிடுங்கி அவர் மண்டையில் ஒன்று வைக்கலாமா என்று வந்தது அவளுக்கு. எழுந்து போய்விட்டாள்.

மண்டபம் நிரம்பியிருந்தது. நடுவராகப் பெரியகுளத்திலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் லிங்கேஸ்வரன் வந்திருந்தார். ராவுத்தர் குரலை உயர்த்தாமல், நிசேயாவுக்கு முந்தி இதைத் தெளிவாகச் சொன்ன ஒருத்தரைக் காட்டுங்கள் என்றார். ஜெபராஜ் இக்னேஷியஸ் கல்லை வீசினார். கிறிஸ்தவர்கள் பக்கம் கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது.

ராவுத்தர் அதைக் குறித்துக்கொண்டார். "இப்பிடி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. அண்ணாச்சி சொல்றாக, நம்புறேன். படிச்சுப் பாக்குறேன்."

நம்புறேன் என்ற அந்த வார்த்தை ஜெபஷீலாவுக்குச் சுருக்கென்று தைத்தது. பெண்கள் பக்கம் எல்லோரும் அவளைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்கள். அவளுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. பார்வையாளர்கள் பெயரும் ஊரும் போட்டுக் கேள்வி எழுதித் தரலாம் என்று சீட்டு கொடுத்தார்கள். அவள் எழுதினாள்.

லிங்கேஸ்வரன் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தார். "இக்னேஷியஸ் வாக்கியம் எந்த நிருபத்தில் இருக்கிறது? உங்கள் கண்ணால் பார்த்தீர்களா? கேட்பவர் ஜெபஷீலா, போடி."

"மூலத்துல..." என்று தொடங்கிய ஜெபராஜ் பாதியில் நின்றார். பெண்கள் வரிசையில் அவளைத் தேடிக் கண்டுபிடித்தார். அவள் பார்வையைத் திருப்பவில்லை.

"நான் பாக்கல. போன்ல வந்தது. அத வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார். மைக்கில் அவர் மூச்சு கேட்டது.

மண்டபத்தில் ஒரே கூச்சல். "யாருய்யா அந்தப் பொம்பள?" என்று கிறிஸ்தவர்கள் பக்கமிருந்தே ஒருவர் கத்தினார்.

"என் வீட்டுக்காரி" என்றார் ஜெபராஜ்.

காரில் திரும்பும்போது தேவாரம் ஊரைத் தாண்டியதும் அவர் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார். அப்புறம், "குடோன்லயே சொல்லிருக்கலாம்ல?" என்றார்.

"சொன்னேன். சபாஷ் போட்டீக."



"ஷீலா, இத்தன நாளா கேட்டியே, அதுல ராவுத்தர் கேட்டது எது, நீ கேட்டது எது?"

"மொத வாரம் கேட்டது ராவுத்தர் கேட்டது."

"மத்தது?"

"மத்ததெல்லாம் நான் கேட்டது."

வண்டியை ஓரங்கட்டினார். "கெத்செமனே?"

"அதுவுந்தான்."

ஜெபராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வந்து கொட்டிய நாலு வசனத்தில் ஒன்றுகூட இப்போது வரவில்லை.

"எனக்குத் தெரியல, ஷீலா" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அவள் கேட்டிராத வார்த்தை அது. ஜெபஷீலாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் பதறிப்போய் சாவியைத் திருப்பக் கையை வைத்தார்.

"வண்டிய எடுக்காதீக" என்றாள். "கொஞ்ச நேரம் இப்பிடியே இருங்க."