கோடையில் ஹீட்டர்

இஞ்சின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது. வீட்டுக்குப் பின்புறச் சந்தில், திறந்து வைத்த பானெட்டுக்கு முன்னால், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தான் பேரி. சந்தின் குறுக்கே வீட்டுக்கு வீடு கொடி கட்டித் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஜூலை மாதம். வட இங்கிலாந்தின் டர்ஹம் கரையோரத்தில் இப்படியொரு வெயிலா என்று ஊரே புலம்பியது.

சற்று முன்புதான் அவன் மனைவி லொரேன் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கினாள். வேலைக்குப் போட்டுப்போன நீலச் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"நீ சொன்ன மாதிரியே ஹீட்டரை ஃபுல்லா வச்சு ஓட்டினேன். உள்ள வெந்தே போயிட்டேன்."

"அப்பத்தான் இஞ்சின் சூடு கொஞ்சமாவது உன் பக்கம் வரும், அதுக்குத்தான். சூடு காட்டுற முள்ளு எது வரைக்கும் ஏறுச்சு?"

"தெரியல" என்று சொல்லிவிட்டு அவள் பையோடு உள்ளே போய்விட்டாள். நாள் முழுக்க வண்டி ஓட்டியவள் தெரியாது என்கிறாளே என்று அவனுக்கு ஒரு மாதிரி இருந்தது. களைப்பு என்று விட்டுவிட்டான்.

லொரேனுக்கு வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கும் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒவ்வொரு வீட்டிலும் நுழையும்போது ஒரு தரம், கிளம்பும்போது ஒரு தரம் போனில் பதிய வேண்டும். சம்பளம் அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரத்துக்குத்தான். ஊர் விட்டு ஊர் வண்டி ஓட்டும் நேரம் அவள் பாடு. கார் இல்லாதவளுக்கு அந்த வேலையே கிடையாது. ஃபிரிட்ஜ் தொழிற்சாலை மூடியபின் பேரி குடோனில் மூட்டை தூக்கப் போனான், இடுப்பு போயிற்று. இப்போது அவன் வீட்டுக்குச் செய்கிற ஒரே சம்பாத்தியம், இந்தக் காரைச் சாகவிடாமல் வைத்திருப்பதுதான்.

அந்தச் சந்தில் யாராவது பானெட்டைத் தூக்கினால் போதும், இழவு வீட்டுக்கு வருகிற மாதிரி ஆண்கள் ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். முதல் ஆள் எப்போதும் பக்கத்து வீட்டு டென்னிஸ்தான். கையில் டீயோடு வந்தார்.

"என்ன மாப்ள, குளிக்க வெந்நீர் போடுறியா?"

"உங்க வாயி சும்மா இருக்காதா?"

"வாட்டர் பம்புதான். நான் சொல்றேன், கேட்டுக்கோ."

"நேத்து ஃபேன்னு சொன்னீங்களே?"

"நேத்து நான் சரியாப் பாக்கல."

பேரி கந்தலை மூடியின் மேல் போட்டு மெதுவாகத் திருகினான். புஸ்ஸென்று ஆவி வந்து அடங்கியது. தொட்டியில் தண்ணீர் அடியோடு அடியாகக் கிடந்தது. காலையில்தான் விளிம்புவரை ஊற்றி அனுப்பியிருந்தான். கீழே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. பிறகு எங்கே போகிறது இந்தத் தண்ணீர்? பால் கேனில் பிடித்து வைத்திருந்ததை ஊற்றினான்.

"உள்ள உக்காந்து ஸ்டார்ட் பண்ணுங்க. முள்ளு ஏறினா ஒரு குரல் கொடுங்க."

இஞ்சின் ஓடியது. மேல் ஹோஸைத் தொட்டான், சுட்டது. கொஞ்சம் பொறுத்துக் கீழ் ஹோஸைத் தொட்டான், அதுவும் சுட்டது. அப்படியானால் போன வாரம் அவனே மாற்றிப்போட்ட தெர்மோஸ்டாட், சூடேறினால் தண்ணீருக்கு வழி விடும் அந்த வால்வு, ஒழுங்காகத்தான் திறக்கிறது. அதில் அவனுக்கு ஒரு சின்ன சந்தோஷம். ஃபேனும் சுற்றியது. பம்பிலும் ஈரம் இல்லை. அப்புறம்தான் தொட்டியைப் பார்த்தான். தண்ணீரில் குமிழி வந்தது. ஒன்றிரண்டல்ல, சோடாவைத் திறந்த மாதிரி விடாமல் வந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னான். இன்னும் அதிகமாக வந்தது.

"முள்ளு எங்க நிக்குது?"

பேரி பானெட்டின் ஓரத்தைத் தட்டினான்.

"யோவ், தூங்கிட்டீங்களா?"

"மாப்ள, முள்ளையே காணோம். இங்க பிளாஸ்திரி ஒட்டியிருக்கு. காருக்கு எங்கயாவது அடிகிடி பட்டுச்சா?" டென்னிஸ் தானே சொல்லித் தானே சிரித்தார்.

பேரி சுற்றி வந்து ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தான். படுத்தே கிடப்பவர்களின் குதிகால் புண்ணுக்கு லொரேன் போடும் தோல் நிறப் பிளாஸ்திரி. அழுக்கேறியிருந்தது. பழையது பசை விட்டதும் அதன் மேலேயே இன்னொன்று ஒட்டியிருந்தாள். உரித்தான். முள் சிவப்பின் கடைசியில் முட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஆஃப் பண்ணுங்க."

ஆயில் மூடியைத் திருகி உள்பக்கத்தைப் பார்த்தான். பால் கலந்த காப்பி நிறத்தில் கொழகொழவென்று அப்பியிருந்தது. தண்ணீர் போகும் இடம் தெரிந்துவிட்டது, ஆயிலுக்குள். டென்னிஸும் எட்டிப் பார்த்தார்.

"ஹெட் கேஸ்கெட்டு போயிருச்சு" என்றார். இந்தத் தடவை கேலி இல்லை.

"ஆமா."

"இதைச் சரி பண்றதுக்குக் காரையே புதுசா வாங்கிடலாமே மாப்ள."

"வாங்கலாம். யாரு வாங்குறது?"

மீதி டீயைச் சந்தில் கொட்டிவிட்டு டென்னிஸ் போய்விட்டார்.

சமையலறையில் லொரேன் நின்றபடியே ரொட்டியும் பீன்ஸும் தின்றுகொண்டிருந்தாள். பேரி பிளாஸ்திரியை மேஜைமேல் வைத்தான். அவள் அதைப் பார்த்தாள், மெல்லுவதை நிறுத்தவில்லை.

"எப்ப ஒட்டின?"

"வெயிலு ஆரம்பிச்சப்ப."

"சிவப்பு எரிஞ்சா நிறுத்தணும்னு எத்தன தடவ சொன்னேன்?"

"மொதத் தடவ நிறுத்தினேனே! சுரங்க மேட்டுல ஓரம் கட்டி, ஆறட்டும்னு உக்காந்திருந்தேன். மிஸஸ் ப்ரூம் வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அந்தம்மா படுக்கையிலயே ஒண்ணுக்குப் போயிட்டா. அழுதுக்கிட்டு, 'மன்னிச்சிரு கண்ணு'ன்னு என்கிட்ட மன்னிப்புக் கேட்டா, பேரி. நான் லேட்டா வந்ததுக்கு அவ மன்னிப்புக் கேட்டா."

"ஆபீஸ்ல சொன்னியா?"

"சொன்னேன். வண்டி உங்க பொறுப்பு, இன்னொரு தடவ லேட்டானா உங்க வீடுகளையெல்லாம் வேற ஆளுக்குக் கொடுத்துருவோம்னாங்க."

"நிறுத்தி நிறுத்திப் போயிருந்தா இஞ்சின் பொழச்சிருக்கும்."

"தெரியும். பாத்தாத்தானே நிறுத்தணும்? அதான் பாக்கல."

கோபம் வரும் என்று பேரி காத்திருந்தான். வரவில்லை. எதுவுமே வரவில்லை. கழுவுதொட்டியில் கையைக் கழுவினான்; ஆயில் கறை போகவில்லை; அப்படியே துடைத்துக்கொண்டான்.

"இன்னும் எவ்வளவு நாளைக்கு ஓடும்?"

"ஓடுற வரைக்கும். திடீர்னு நின்னுரும். அது நாளைக்கேகூட இருக்கலாம்."

அவளுடைய போன் முனகியது. எடுத்துப் பார்த்தாள், ஆபீஸிலிருந்து.

"வெயில் தாங்காம ஷெரில் மயங்கி விழுந்துட்டாளாம். அவ வீடுங்க ரெண்டையும் சேத்துப் பாக்க முடியுமான்னு கேக்குறாங்க."

"என்ன சொல்லப்போற?"

"பாக்குறேன்னு போட்டுட்டேன்."

காலையில் பேரி பால் கேன்களில் தண்ணீர் பிடித்து, முன் சீட்டுக்குக் கீழே உருளாமல் அடுக்கினான். லொரேன் ஏறி உட்கார்ந்து ஹீட்டரைத் திருகினாள். இஞ்சின் சூடேறியதும் வெந்த காற்று குப்பென்று அவள் முகத்தில் அடிக்கும். கண்ணாடிகளை இறக்கினாள்.

"நல்லா ஆறினப்புறம்தான் மூடியத் திறக்கணும். கையப் பொசுக்கிக்காத."

"ஆற விட எனக்கு எங்க நேரம்?"

சாவியைத் திருப்பப் போனவள் அப்படியே நின்றாள். முள் வெறுமனே தெரிந்தது.

"அதைத் திரும்ப ஒட்டலியா?"

"பசை போயிடுச்சு."

அவள் வேலைப் பையை ஜன்னல் வழியாக நீட்டினாள். பேரி துழாவிப் புதுப் பிளாஸ்திரி ஒன்றை எடுத்தான். காகிதத்தை உரித்தான். உள்ளே குனிந்து முள்ளுக்கும் விளக்குக்கும் மேலே வைத்து, நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான்.

"ஒட்டிருச்சா?"

"ஒட்டிருச்சு. போ."

சந்தின் குறுக்கே டென்னிஸ் வீட்டுப் படுக்கை விரிப்புகள் தொங்கின. பேரி கொடிக்கம்பை எடுத்துக் கயிற்றை உயரத் தூக்கிப் பிடித்தான். வெள்ளைப் புகை விட்டபடி கார் அதன் கீழே நுழைந்து, முனையில் திரும்பிப் போயிற்று. புகை விரிப்புகளில் பட்டுக் கலைந்தது. இஞ்சின் சத்தம் மேட்டில் ஏறுவது வெகுநேரம் கேட்டது. அது நிற்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு, கம்பை இறக்காமல் அவன் நின்றிருந்தான்.