இரங்கல் கூட்டத்தில் மெத்தைக்காரர் வளர்ந்தது

இறந்த மறுநாள் மெத்தைக்காரர் ஓர் அடி வளர்ந்தார். வணிகர் சங்கத்தின் பெரிய கூடத்தில், அவருடைய உடல் இருந்த குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மைக்கைப் பிடித்த இரும்புக்கடைக்காரர், "ஆறடி உயரத்துல, ராஜா மாதிரி அவர் கடைவீதியில நடந்து வர்றதைப் பார்க்கணுமே!" என்று உருகினார். அவர் வாயை மூடுவதற்குள் பெட்டிக்குள் கால்கள் நீண்டு கண்ணாடியில் இடித்தன. உயிரோடு இருந்தவரைக்கும் செருப்பு வாங்கப் போனால் குதிகால் எவ்வளவு உயரம் என்றுதான் மெத்தைக்காரர் முதலில் பார்ப்பார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய வீட்டுக்காரம்மா, போட்டிருக்கும் பேன்ட் இனி பத்தாதே என்று கவலைப்பட்டார். மற்றவர்கள் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. அத்தனை வருடம் சங்கத் தலைவராக இருந்தவர், போன பிறகு கொஞ்சம் வளர்ந்துகொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

அடுத்து வந்த துணிக்கடைக்காரர், மெத்தையில் ஒரு பிடி பஞ்சுகூடக் குறைக்காத கை அவருடையது என்றார். ஊரில் மெத்தைக்காரர் கடை மெத்தை இல்லாத வீடு கிடையாது. வாங்கிய சில மாதத்திலேயே கட்டில் பலகையை முதுகால் தடவிப் பார்க்காதவர்களும் கிடையாது. அவர் சொன்ன மாத்திரத்தில் வீட்டுக்கு வீடு மெத்தைகள் உப்பின. மதியத் தூக்கத்தில் இருந்தவர்கள் உருண்டு தரையில் விழுந்தார்கள். செல்போன் வழியாகச் செய்தி கூடத்துக்கு வந்து சேர்ந்ததும், துக்கத்தையும் மீறி எல்லோரும் கைதட்டினார்கள். அதற்கு மேல் யார் வாயை யார் கட்டுவது? கடைவீதிக்குப் பின்னால் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்த வள்ளல் என்று எடுத்துவிட்டார் ஒருவர். மெத்தைக்காரரின் கிடங்கு இருந்த இடத்தில் மாடியும் மணியுமாக ஒரு பள்ளிக்கூடம் வந்து நின்றது.

"அம்மா, சாவி என் பாக்கெட்லதான் இருக்கு. கிடங்கைக் காணோமாம்மா!" என்று மகன் காதோரம் புலம்பினான்.

"இருடா, பேசி முடிக்கட்டும்," என்றார் வீட்டுக்காரம்மா. சொன்னாரே தவிர, அவருக்கும் உள்ளுக்குள் சங்கடம்தான். பெட்டியில் வளர்ந்துகொண்டே போகும் இந்தப் பெரிய மனிதர் யாரென்று அவருக்கே பிடிபடவில்லை. இரங்கல் கூட்டத்துக்கு வந்த இடத்தில் புருஷனைத் தொலைத்துவிட்டோமோ என்று பயந்தார்.

கடைசியாகச் சங்கச் செயலாளர் எழுந்தார். அவரிடம் இருப்பது ஒரே ஓர் இரங்கல் உரை. யார் இறந்தாலும் பேரை மட்டும் மாற்றி அதையே ஒப்பிப்பார். யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை என்பதால் குறை சொன்னதும் இல்லை. போன தடவை அதைக் கல்யாணமே பண்ணிக்கொள்ளாத ஒரு வாத்தியாருக்காகப் பேசியிருந்தார்.

"குடும்பம் குட்டின்னு எந்தப் பிடுங்கலும் இல்லாம, கடைசிவரைக்கும் கட்டைப் பிரம்மச்சாரியா, ஊரையே பிள்ளையா நினைச்சு வாழ்ந்த உத்தமர்..."

வீட்டுக்காரம்மாவின் விரலிலிருந்து கல்யாண மோதிரம் கழன்று நாற்காலிகளுக்கு அடியில் உருண்டது. பதறிப்போய் மகன் பக்கம் திரும்பினார். அவன் அங்கேதான் இருந்தான். ஆனால் அவனுடைய சட்டையையும் நெஞ்சையும் தாண்டி நாற்காலியின் முதுகு தெரிந்தது. அதில் பெயின்ட்டில் எழுதியிருந்த வாடகைக் கடையின் பேரும் தெரிந்தது. "அம்மா" என்று உதட்டை அசைத்தான்; சத்தம் வரவில்லை.

வீட்டுக்காரம்மா மைக்கை நோக்கி ஓடினார். "நீங்க யாருங்கம்மா?" என்று செயலாளர் வழிமறித்தார். வாரம் தவறாமல் இந்த அம்மாவின் கையால் டீ வாங்கிக் குடித்த மனிதர். அவரோடு வாதாட நேரமில்லாமல் வீட்டுக்காரம்மா மைக்கைப் பிடுங்கினார்.

"இவர் என் புருஷன். ஆறடியும் இல்ல, ஒண்ணும் இல்ல, என் காது உசரம்தான். இவர் விடுற குறட்டைக்குப் பக்கத்து வீட்டுல ஜன்னலைச் சாத்துவாங்க. பல்லியைப் பார்த்தா கட்டில் மேல ஏறிக்குவார். கோபம் வந்தா தட்டைத் தள்ளிட்டு எழுந்து போவார். அப்புறம் சத்தமில்லாம அடுப்படிக்கு வந்து பாத்திரத்தைத் துழாவுவார். எனக்குப் பிரசவ வலி வந்தப்ப ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு என்னைவிடச் சத்தமா அழுதவர் இவர். இதோ உட்கார்ந்திருக்கானே, இவன் பொறந்தப்பதான்!"

பெட்டிக்குள் கால்கள் சுருங்கிப் பழைய இடத்துக்கு வந்தன. மகனுக்கு உடம்பு திரும்பி வந்து, வாடகைக் கடையின் பேர் மறைந்தது. கூடத்தில் கலவரம் பிடித்துக்கொண்டது.

"அம்மா, மெத்தையை மட்டும் விட்டுடுங்கம்மா!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கெஞ்சினார்.

போனால் போகிறது என்று விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டார். கிடங்கைக் கேட்க வாயெடுத்த மகன், சற்று முன் தன் வழியாக நாற்காலி தெரிந்ததை நினைத்து அடங்கிக்கொண்டான்.

மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. ஊரே ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டது, எனக்கென்று ஒன்று கூடாதா என்று தோன்றியது. பெட்டிக்குள் குள்ளமாகப் படுத்திருந்த மனிதரைப் பார்த்துக்கொண்டே, "நான் சாப்பிட்டேனான்னு கேக்காம இவர் ஒரு நாளும் கை கழுவினதில்ல," என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து மெத்தைக்காரர் அப்படி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

குளிர்பெட்டியின் கண்ணாடியில் உள்பக்கமாக மூச்சுப் படிந்தது.

"நீ சாப்பிட்டியா?"

வீட்டுக்காரம்மா மைக்கை இறக்கிவிட்டுப் பெட்டிப் பக்கம் குனிந்தார். "இன்னும் இல்லைங்க," என்றார்.

அன்று சாயங்காலமே அடக்கம் முடிந்தது. ஊர் தடித்த மெத்தையில் நிம்மதியாகத் தூங்குகிறது. செயலாளர் அதே உரையைத்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டு வேளைக்கு வீட்டில் மெத்தைக்காரரின் காலி நாற்காலிப் பக்கமிருந்து அந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. சில நாள் வீட்டுக்காரம்மா வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருப்பார். கொஞ்சம் கவலையோடு அது மறுபடியும் கேட்கும். அதற்குப் பிறகுதான் அவர் தட்டை எடுப்பார்.